பென்சனுக்கு நாள் பார்த்த கதை

மொன்றியலில் பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஒரு கல்லூரி உண்டு. செஜெப் என்பார்கள். அப்படியொன்றின் இரசாயன ஆய்வுகூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். மாணவர்கள் வருமுன் கரைசல்களைக் கலந்து வைப்பது, அவர்கள் போனபின் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி அடுக்குவது, உடைத்தவர்களை முறைத்துப் பார்ப்பது. மூன்றாவதை என்னிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். கோறணமேந்து என்றால் அரசாங்கம். அரசாங்க வேலை என்றால் பென்சன். வந்த புதிதில் நான் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டியபோது வாய் திறக்காத சொந்தக்காரர்கள், கல்லூரி வேலை கிடைத்ததும் ஊரெல்லாம் சொன்னார்கள். என் தம்பிதான் முதலில் சொன்னான், "இனி அக்காவுக்குப் பயமில்லை, பென்சன் இருக்கு." எதற்குப் பயமில்லை என்று அப்போது யாரும் விளக்கவில்லை. கலியாணம் கட்டாத அக்கா யார் தலையிலும் விழமாட்டாள் என்பதுதான் அதன் பொருள் என்று எனக்கு விளங்கியது. கோபப்படவும் இல்லை. உண்மைதானே.

கல்லூரியில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் பென்சனைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. ஒருவருக்கு ஏரிக்கரையில் மரவீடு. இன்னொருவருக்குக் குளிர் முழுக்க புளோரிடா. நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். என்னைக் கேட்டால் "பார்ப்போம்" என்பேன். பிரெஞ்சில் எனக்கு நன்றாக வருகிற சொல் அது.

ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு கல்லூரி ஒருநாள் வகுப்பு வைத்தது. துணையோடு வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். எல்லோரும் துணையோடு வந்தார்கள். என் பக்கத்துக் கதிரையில் என் குளிர் கோட்டு இருந்தது. திரையில் காட்டிய படங்களில் எல்லாம் இரண்டு பேர்தான், வள்ளத்தில் இரண்டு பேர், கடற்கரையில் இரண்டு பேர். வகுப்பு நடத்திய பெண் ஒவ்வொருவரிடமும் ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். என் முறை வந்ததும் தோட்டம் செய்வேன் என்றேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். என் பல்கனியில் ஒரு துடைப்பம் நிறுத்தினால் எனக்கு நிற்க இடமில்லை.

இனி எந்த நாளோடு ஓய்வு பெறுகிறேன் என்று கல்லூரிக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதித் தலைவி, என்னைவிட வயதில் மிக இளையவள், ஜூன் நடுவில் வைத்துக்கொள் என்றாள். அதோடு வகுப்புகள் முடிந்து ஆசிரியர்கள் விடுமுறைக்குக் கலைந்துவிடுவார்கள். அதற்கு முன்னென்றால் எல்லோரும் இருப்பார்கள், கேக் வெட்டலாம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு வெட்டிய கேக்கை எத்தனை தரம் கைதட்டித் தின்றிருக்கிறேன்.

அன்று பின்னேரம் தம்பியின் மனைவி தொலைபேசி எடுத்தாள். அவர்கள் இருப்பது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், கோயிலுக்குக் கிட்ட. காரில் அரை மணித்தியாலம். கார் இல்லாத எனக்கு அது இன்னொரு நாடு.

"நாள் பாக்காமல் குடுத்திடாதேங்கோ மச்சாள். பென்சன் எண்டது சாகும்வரைக்கும் வாற சீதேவி. கண்ட நாளில தொடங்கலாமோ?"

"உந்த ஒபிசுக்கெல்லாம் ஏன் பஞ்சாங்கம்?" என்றேன்.

"பொறுங்கோ, நான் ஐயரைக் கேட்டுச் சொல்லுறன்."

கேட்டாள். அந்த ஒரு கிழமையில் மூன்றுதரம் எடுத்தாள். ஆனி முற்பகுதி என் நட்சத்திரத்துக்குச் சரியில்லையாம். ஆடி பிறந்தால் ஒன்றும் தொடங்கக்கூடாதாம். ஆனிக் கடைசியில், வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமை வருகிறதாம், அது திறமாம். தம்பியும் ஒருதரம் வாங்கிக் கதைத்தான். "அண்டைக்கு நாங்களும் வாறம் அக்கா. கோயிலுக்குப் போட்டு எங்கட வீட்டை சாப்பிடுவம்."

எனக்குப் பஞ்சாங்கத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. அட்டமி நவமி பார்த்தா நாங்கள் ஊரைவிட்டு ஓடினோம்? ஆனால் என் காரியம் ஒன்றைப்பற்றி அந்த வீட்டில் இருந்து யோசித்திருக்கிறார்கள். ஒரு கிழமையில் மூன்றுதரம் என் தொலைபேசி அடித்திருக்கிறது. அதற்காக நான் ஆடி அமாவாசைக்குக்கூடச் சம்மதித்திருப்பேன். தலைவியிடம் ஜூலையில் அந்த வியாழக்கிழமையைச் சொன்னேன். அப்போது ஒருவரும் இருக்கமாட்டோமே, நானும் விடுமுறையில் இருப்பேனே என்றாள். நிச்சயமா என்று மறுபடியும் கேட்டாள். வளர்பிறையைப் பிரெஞ்சில் விளக்க எனக்குத் தெம்பில்லை. குடும்பக் காரணம் என்றேன்.

அந்த வியாழக்கிழமை நான் மரக்கறி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். நல்லது நடந்தால் நாங்கள்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அது பழகிப்போனது. யாரும் இல்லை என்று தெரிந்தும் பெரிய தட்டு நிறையப் பொரித்திருந்தேன். ஆய்வுகூடத்தில் செய்ய வேலையும் இல்லை. ஏற்கனவே கழுவியிருந்த பியூரெட்டுக் குழாய்களை இறக்கி மறுபடி கழுவினேன். அமிலப் போத்தல்களில் என் கையெழுத்தில் ஒட்டிய பெயர்களைத் துடைத்தேன். குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. அழவேண்டும் போலிருந்தது, ஆனால் யாரும் இல்லாத இடத்தில் அழுவதற்கும் ஒரு வெட்கம் இருக்கிறது.

மத்தியானம்வரை பொறுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு எடுத்தேன். எத்தனை மணிக்கு என்னை ஏற்ற வருவார்கள் என்று கேட்க வேண்டும் அல்லவா? யாரும் எடுக்கவில்லை. அவள் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"ஐயோ மச்சாள், நாங்கள் ரொறன்ரோவில நிக்கிறம். என்ர அண்ணை வீட்டுக் குடிபூரல் எல்லே. இண்டைக்கு நல்ல நாள்தானே, அவையும் இண்டைக்கே வைச்சிட்டினம். சொல்ல மறந்துபோனன். பேந்து எடுக்கிறன், என்ன?"

நல்ல நாள் என்றால் எல்லோருக்கும் நல்ல நாள்தானே. இந்த நகரத்திலும் ரொறன்ரோவிலும் அன்று எத்தனை வீட்டில் பால் காய்ச்சியிருப்பார்கள், எத்தனை மண்டபத்தில் தாலி ஏறியிருக்கும். எல்லா நாளையும் விட்டுவிட்டு அந்த நாளையா நான் எனக்கென்று கேட்டேன்? மடைச்சி என்று என்னையே சத்தமாகத் திட்டினேன். சுற்றிவர ஒருவரும் இல்லாததால் அது வசதியாக இருந்தது.

சாவிகளையும் வாசல் அட்டையையும் கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். கோடைக்கு மட்டும் வந்த புது ஆள், நரைத்த மீசை. என்னை அவருக்குத் தெரியாது. ரோல்ஸ் தட்டை நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு இரண்டாவதையும் எடுத்தார். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். ஓய்வு பெறுகிறேன் என்றால் சுற்றிப் பார்ப்பார், வேறு யாரையும் காணாமல் என்மேல் இரக்கப்படுவார். பிறந்தநாள் என்றேன். எழுந்து நின்று கையைக் குலுக்கினார். அன்று எனக்குக் கிடைத்த வாழ்த்து அது ஒன்றுதான். மெர்சி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமல் இருந்தேன். பொழுதுபடத் தம்பி எடுத்தான். மணியடித்தவுடன் பாய்ந்து எடுத்தேன்.

"அக்கா, எல்லாம் வடிவா முடிஞ்சுதோ?"

"ஓம்."

"பெரிசாச் செய்தவையோ?"

"ஓம், சரியான சனம்" என்றேன்.

"நல்லது. நாங்கள் வரேலாமல் போச்சு, குறை நினைக்காதேங்கோ." கையோடு அடுத்ததைத் தொடங்கினான். "அக்கா, இன்னொண்டு. திங்கக்கிழமையில இருந்து பேத்தியைப் பகல்ல விட்டுப் பாக்கிற கார்டரியைப் பூட்டுறாங்கள், கோடை லீவாம். மகளுக்கு வேலையில லீவு குடுக்கமாட்டினமாம். வேற ஆக்களைத் தேடினம், சரிவரேல்லை. நீங்கள் இனிச் சும்மாதானே நிப்பியள்..."

ஐயர் சொன்ன வியாழக்கிழமைக்கும் அந்தத் திங்கட்கிழமைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்க எனக்கு விரல்கள் தேவைப்படவில்லை. ஐயரைக் கேட்டார்களா, கார்டரியைக் கேட்டார்களா? இரண்டையும் கேட்டிருக்கலாம். ஜூனிலேயே நின்றால் அதற்குள் நான் வேறேதும் வேலை பிடித்துவிடுவேன் என்று நினைத்தார்களோ? மூன்றுதரம் எடுத்தாளே, அந்த மூன்றில் ஒன்றாவது எனக்காக எடுத்ததா என்று அவனிடம் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"காலமை எத்தினை மணிக்கு அங்க நிக்கோணும்?" என்று கேட்டேன்.