நடுவில் தேய்ந்த பல்

ஆம்னி வேனின் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவிட்டு, தேவயானி ஸ்டியரிங்கை இரண்டு விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் லேசாகத்தான் சுற்றியது. வலது பக்கம் முக்கால்வாசி போனதும் விரல் பத்தவில்லை. இரண்டு கையும் போட்டு இழுக்கவேண்டியிருந்தது. இடது பக்கமும் அப்படியே.

ஆலங்காயத்தில் மெக்கானிக் கண்ணாயிரத்தின் பட்டறையிலிருந்து நேற்றுதான் வண்டியை எடுத்துவந்தாள். ஸ்டியரிங்கில் இருந்த ஆட்டம் அடியோடு போயிருந்தது. அவளுடைய சந்தேகம் அங்கேயே தொடங்கிற்று. பதினோரு வருடமாக மலையிலிருந்து நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் இறக்குகிறவள். மாத்திரை அட்டையில் தேதி பார்க்காமல் கடைப்படி இறங்கமாட்டாள். ஒரு பொருளும் மாற்றாமல் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் எப்படிப் போகும்? மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் முரண்டு பிடித்தது.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு வந்து நின்றாள். அவள் மருமகள் பூவிழிக்கு ஒன்பதாவது மாதம். மறுநாள் காலை இதே வண்டியில்தான் ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறங்கவேண்டும்.

"இன்னாடி, நேத்துதான ரிப்பேர் பண்ண? உனக்குக் கட்டுன புருசன் மேலயே சந்தேகம்."

"அந்தாளு உருண்டா கூட யாரும் சாவமாட்டாங்க, அத்த. இது உருண்டா?"

"அதுக்காவ பஸ்ல அனுப்பிடாத. தூக்கித் தூக்கிப் போடும்."

தேவயானி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஸ்டியரிங் தண்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. அது சுழலச் சுழல, கீழே குறுக்காகக் கிடக்கும் பல்வைத்த கம்பி இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும். அந்தக் கம்பிதான் ராக். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ராக்கின் நடுப்பற்கள் முதலில் தேயும். ஓரப்பற்கள் அப்படியே இருக்கும். ராக்கைப் பல்சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் நட்டை முறுக்கினால் நடுவில் ஆட்டம் மறையும். தேயாத ஓரம் வந்ததும் இறுகிக்கொள்ளும். அந்த நட்டில் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல் பளபளத்தது.

போனை எடுத்தாள்.

"கண்ணாயிரம் அண்ணே, நட்ட முறுக்கினீங்களா?"

"வாணியம்பாடி ரோட்டுல ஓட்டிப் பாத்தேன்மா. கத்தி மாதிரி போச்சு."

"அந்த ரோட்டுல இன்னா வளைவு இருக்குது?"

"பொம்பள கைக்குக் கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும்."

"நேரா போறப்ப பத்துற கை, வளைவுல மட்டும் பத்தலியா? சரி, நாளைக்கு நீங்களே மேல வந்து எறக்குங்க. புள்ளத்தாச்சி பின்னாடி உக்காரட்டும்."

"வேணாம்மா. ராக்க மாத்தணும். நடுப்பல்லு போயிருக்குது."

போனை வைத்துவிட்டு அம்மாக்கண்ணுவைப் பார்த்தாள். "பஸ்தான், அத்த."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், குலுக்கல் குறைவாக இருக்கும் நடு சீட்டில் பூவிழியை உட்காரவைத்து, இடுப்புக்குத் தலையணை முட்டுக்கொடுத்தாள். மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னாள். ஆஸ்பத்திரியில் அம்மாக்கண்ணுவையும் மருமகளையும் டாக்டர் அறை வாசலில் விட்டுவிட்டு நேராகப் பட்டறைக்கு நடந்தாள். பஸ் மலைக்குத் திரும்பியபோது கண்ணாயிரம் புது ராக்கோடும் ஸ்பேனர் பையோடும் அதில் ஏறியிருந்தார்.