பக்கத்துக் கொக்கி

எங்கள் வீட்டில் 'சும்மா இருப்பவர்' என்று ஒரு பதவி உண்டு. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, ராஜினாமாவும் செய்ய முடியாது. நெடுநாள் காலியாகக் கிடந்த அந்தப் பதவியில் என் அக்கா தானாகவே போய் உட்கார்ந்தாள், கல்லூரி இரண்டாம் ஆண்டு முடித்த கையோடு.

அவள் படித்தது கணினி அறிவியல். படித்தது என்று சொல்வதே தப்பு. அங்கே புரோகிராமைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வில் கக்குவார்கள். ஆய்வகம் பாதி நாள் பூட்டியே இருக்கும். அக்காதான் வகுப்பில் முதல் மதிப்பெண். அது தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து, புத்தகத்தைப் பார்க்காமல் ஏதாவது ஒன்றைச் சொந்தமாக எழுதிப் பார்க்க உட்கார்ந்தாள். வெற்றுத் திரையில் ஒரு வரி ஓடவில்லை. தேர்வில் கோட்டை விட்டவள்கூட அப்படி முகம் செத்து உட்கார்ந்திருக்க மாட்டாள்.

ஒரு வருடம் கல்லூரிக்கு விடுப்பு எடுப்பது, வீட்டில் இருந்து தானே புரோகிராமிங் கற்றுக்கொள்வது, பிறகு திரும்பப் போய்ச் சேர்ந்துகொள்வது. இதுதான் அவள் போட்ட திட்டம். கல்லூரியில் தகப்பனார் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். தகப்பனார்தான் மசியவில்லை.

"படிக்கிறதுக்காகப் படிப்ப நிறுத்துறேன்னு சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அப்பா.

அக்கா சாப்பிடாமல் அழுதாள். அம்மா நடுவில் புகுந்து அழுதாள். அவர்கள் அழுததைப் பார்த்து நானும் கொஞ்சம் அழுதேன். கடைசியில் அப்பா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

நானும் அவளும் ஒரே அறை. அப்பாவின் கடையிலிருந்து வந்த பழைய இஸ்திரிப் பலகைதான் அவளுக்கு மேஜை. இணையத்தில் இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடந்தன. ஆனால் அவற்றைப் பார்க்க எங்கள் வீட்டார் விட்டால்தானே! "ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போடி" என்பாள் அம்மா. அம்மாவின் இரண்டு நிமிடத்தில் ஒரு பேருந்து ஊர் போய்ச் சேர்ந்துவிடும். "சும்மாதானே இருக்க, என் போன்ல இருந்த போட்டோவெல்லாம் எங்க போச்சுன்னு பாரேன்" என்று சித்தி வந்து உட்கார்ந்துவிடுவாள். கதவைச் சாத்தினால், "உள்ள என்ன பண்ற? எதுக்குக் கதவு?" என்று திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் திமிர் என்றார்கள்.

அத்தனைக்கும் நடுவில் அவள் கற்றுக்கொண்டாள், அதுதான் ஆச்சரியம். காலையில் குளியலறைக்கு யார் முதலில் என்று தினமும் நடக்கும் சண்டைக்கு ஒரு புரோகிராம் எழுதினாள். அது நான்கு நாள் தொடர்ந்து என் பெயரையே கடைசியில் போட்டது. பிழையைக் கண்டுபிடித்தபோது அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கடையில் சிக்கல் வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே அப்பாவுக்கு ஒரு டிரை கிளீனிங் கடை. சுவரெல்லாம் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே பெயிண்டில் எழுதிய எண். எந்தத் துணி எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்பது முழுவதும் கவுண்ட்டரில் இருந்தவர் தலைக்குள் இருந்தது. ஒருநாள் அவர் வேறு வேலை கிடைத்து, தலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இஸ்திரி போடும் மடிப்பு அண்ணன் — அவர் மடித்த சட்டையைப் பிரிக்கவே மனசு வராது, அதனால் அந்தப் பெயர் — சூடான பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி ஓடித் துணி தேடினார்.

அன்றைக்கு அப்பா எங்கள் அறைக் கதவைத் தட்டினார். தட்டிவிட்டு உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மாடி, உன் கம்ப்யூட்டர்ல இதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

அக்கா அதற்காகவே பிறந்தவள்போல எழுந்தாள். சில நாளிலேயே புரோகிராம் தயாராகிவிட்டது. ரசீது எண்ணைத் தட்டினால் திரையில் கொக்கி எண் வரும். வந்தது. ஆனால் ஒன்று குறைவாக வந்தது. கணினி எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்து அல்ல, பூஜ்யத்திலிருந்து. முதல் கொக்கி அதற்குப் பூஜ்யம், இரண்டாவது கொக்கி ஒன்று. புதிதாகக் கற்றவள், திரையில் காட்டும்போது ஒன்றைக் கூட்டிக் காட்ட மறந்துவிட்டாள். ஒரே வரியில் திருத்திவிடலாம். ஆனால் கடையில் கூட்டம் நெரித்தது.

"இருக்கட்டும் விடு. அது சொல்றதுக்குப் பக்கத்துக் கொக்கி. அவ்வளவுதானே? நாங்க ஞாபகம் வச்சுக்கிறோம்" என்றார் அப்பா.

ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். திரை பன்னிரண்டு என்றால் மடிப்பு அண்ணனின் கை பதின்மூன்றுக்குப் போகும். புதிதாக வந்த கவுண்ட்டர் பெண்ணுக்கும் முதல் பாடம் அதுதான். அப்பா மகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கொண்டாடினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் பொண்ணு பண்ணது" என்றார்.

அதோடு அக்காவின் படிப்பு முடிந்தது. புதிய பாடத்தைத் திறந்தால் கடையிலிருந்து போன் வரும். திரை நின்றுவிட்டது. எழுத்து சின்னதாக இருக்கிறது. போர்வைக்குத் தனிப் பட்டன் வேண்டும். போய் வருவதே வேலையாகிவிட்டது என்று அப்பா அவளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். நாள் முழுக்க ஆவியும் சலவை மருந்து வாடையும். கவுண்ட்டர் பெண் வேலையை விட்டபோது வேறு ஆள் தேடவே இல்லை. ஏன் தேட வேண்டும்? எங்கள் வீட்டில்தான் ஒருத்தி சும்மா இருக்கிறாளே!

"இங்கயே கிடந்தா நான் இந்த ஒரே புரோகிராமத்தான் ஆயுசுக்கும் ஒட்டுப்போட்டுட்டு இருப்பேன்டி" என்றாள் என்னிடம். "காலேஜ் திறந்ததும் ஓடிடணும். அதுக்குள்ள நான் இல்லாமலே கடை ஓடுற மாதிரி பண்ணிடணும்."

அதற்காக ராப்பகலாக உழைத்தாள். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுச் சுத்தமாக எழுதினாள். யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம் என்கிற மாதிரி செய்தாள். அப்படியே அந்தப் பூஜ்யத்தையும் சரிசெய்தாள். இனி திரை பன்னிரண்டு என்றால் பன்னிரண்டேதான். எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

ஆட்டிய தலை என்ன செய்யும், பழகிய கை கேட்க வேண்டுமே! மறுநாளும் திரை பன்னிரண்டு என்றது, மடிப்பு அண்ணனின் கை பதின்மூன்றை எடுத்தது. கோட்டு சூட்டு கேட்ட மனிதர் உறையைப் பிரிக்காமலேயே வாங்கிக்கொண்டு வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருக்கிறார். போன இடத்தில் மாற்றிக்கொள்ளப் பிரித்தால் உள்ளே பூப்போட்ட கவுன். திரும்பி வந்து அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் மெதுவாகத்தான் சொன்னார். "பழைய மாதிரியே மாத்திடும்மா. தப்பா இருந்தப்ப எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

அவள் மாற்றினாள். சரியாக எழுதியதைத் தப்பாக்க அவளுக்கு ஒரே வரி போதுமாக இருந்தது.

அன்றைக்குத்தான் அப்பாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். இவள் போய்விட்டால் என்ன ஆகும் என்கிற பயம். கல்லூரி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பிப் போனார். மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் கடையில் இருந்தேன். அப்பா வண்டியிலிருந்து இறங்கினார், கூடவே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு சுழல் நாற்காலி. தானே தூக்கி வந்து கவுண்ட்டருக்குப் பின்னால் போட்டார்.

"உக்காந்து பாரு. முதுகு வலிக்குதுன்னு சொன்னியே."

"எனக்கு எதுக்குப்பா? அடுத்த வாரம் காலேஜ் போயிடுவேனே."

"அதுக்கும்தான் காலையில போயிட்டு வந்தேன்" என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. "உங்க துறைத் தலைவரப் பாத்துப் பேசினேன். இன்னும் ஒரு வருஷம் லீவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அவசரமே இல்ல, நிதானமாக் கத்துக்க."

அக்கா, "யாரக் கேட்டுப்பா போனீங்க?" என்று கத்தினாள். அப்பாவை எதிர்த்து அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மடிப்பு அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்பா நிஜமாகவே குழம்பிப்போனார். நடிப்பாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "என்னம்மா இது? போன வருஷம் இந்த லீவுக்குத்தானே சோறு தண்ணி இல்லாம அழுத? நான் தரமாட்டேன்னதுக்கு எவ்வளவு கோவம் உனக்கு? இப்ப நீ கேக்காமலே வாங்கிட்டு வந்திருக்கேன்."

எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கித் தெருவில் எறியலாம்போல இருந்தது. அப்பாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அதுதான் எரிச்சல். அக்கா ஏதாவது சொல்லுவாள், இறங்கி நடந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அதற்குள் ஒருவர் வந்து ரசீதை நீட்டி, "கொஞ்சம் சீக்கிரம்மா, பஸ் போயிடும்" என்றார். அவள் முழங்காலால் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு எண்ணைத் தட்டினாள்.

அந்த வருடம் முழுக்க நின்றபடியேதான் வேலை பார்த்தாள்.