வீராசாமி குடிக்காத காபி

திருமுல்லைவாயிலில் வீராசாமியை எல்லோரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபத்திரண்டு வயது. மனைவி இறந்துவிட்டாள். மகள் புனேயில். மாடியில் தனியாக இருக்கிறார்.

2003இல் ஐ.நா. அமைதிப்படைக்காக எத்தியோப்பியா, எரித்ரியா எல்லையில் தண்ணீர் லாரி ஓட்டினார். அங்கே ஒரு சின்ன ஊரை இரண்டு நாடுகளும் தங்களுடையது என்றன. அவருடைய அதிகாரி சொல்லியிருந்தார்: இந்தப் பக்கச் சாவடியில் காபி குடித்தால் அன்றைக்கே அந்தப் பக்கமும் குடிக்க வேண்டும். முடியாதென்றால் எங்கேயும் குடிக்கக் கூடாது. ஊரைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. மைத்துனர்கள் இருவரும் நிலத்துக்காக முறைத்துக்கொண்டபோது இரண்டு வீட்டுக் கல்யாணங்களுக்கும் அவர் போகவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் கீழ் வீட்டுக்கு இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள். தாவீத் எத்தியோப்பியாக்காரன், யோனாஸ் எரித்ரியாக்காரன். ஞாயிறுதோறும் யோனாஸ் வாணலியில் காபிக்கொட்டை வறுப்பான். அவர்கள் ஊர் வழக்கப்படி மூவரும் மூன்று சுற்று குடிப்பார்கள். வாரத்தில் வீராசாமி உட்கார்ந்து பேசியது அந்த ஒரு மணி நேரம்தான்.

"இன்னா மிலிட்டரி, தெருவே மணக்குது! காபிக்கடை போட்டுகினியா?" என்பான் பக்கத்து மளிகைக்கடை ஜெகன்.

இந்த ஆண்டு அந்த எல்லையில் மறுபடியும் சண்டை வரும் என்று பேச்சு கிளம்பியது. கீழே குரல்கள் உயர்ந்தன. ஒருநாள் தாவீத் மாடிப்படியில் நின்று கேட்டான்.

"அங்கிள், நீங்க நேர்ல பாத்தவரு. அந்த ஊரு யாருது?"

"நான் தண்ணி வண்டி ஓட்டனவன்ப்பா."

தாவீத் கீழ் வீட்டை விட்டு வேறொரு நண்பனின் அறைக்குப் போய்விட்டான். அந்த ஞாயிறு யோனாஸ் மட்டும் மேலே வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. தம்பியைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

"காபி வறுத்துட்டேன் அங்கிள். வாங்க."

"தாவீத் வரட்டும்."

"அவன் வரமாட்டான்."

"அப்ப எனக்கும் வேணாம்ப்பா."

யோனாஸ் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினான். தமிழை ஜெகன் கடையில் கற்றவன்.

"ஊரு யாருதுன்னு நான் கேக்கல அங்கிள். தனியா குடிக்க முடியல, அதான் வந்தேன்."

அவன் இறங்கிப் போனான். யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை என்ற நினைப்பில் வீராசாமி கதவைச் சாத்திக்கொண்டார். வறுத்த வாசனை மதியம் வரை மாடியில் நின்றது.

பத்து நாளில் யோனாஸ் காலி செய்தான். பூந்தமல்லிப் பக்கம் அறை என்றான். மாதக் கடைசியில் தாவீத் தன் பெட்டியை எடுக்க வந்தான். வீராசாமி நடந்ததைச் சொன்னார்.

"உன்ன வுட்டுட்டு நான் எப்பிடிப்பா குடிக்கறது?"

தாவீத் பெட்டியைக் கீழே வைத்தான். "அவன் தம்பி என்கூடவும் ஃபோன்ல பேசுவான் அங்கிள். நீங்க குடிச்சிருக்கலாம்."

அடுத்த ஞாயிறு காலை வீராசாமி பேருந்து பிடித்துப் பூந்தமல்லியில் இறங்கினார். மெட்ரோ வேலைத் தூசி. யோனாஸின் எண்ணுக்கு மூன்று முறை அடித்தார். மணி போனது; எடுக்கவில்லை.

எந்தத் தெரு என்று அவர் கேட்டிருக்கவில்லை. தாவீத் எங்கே போகிறான் என்றும் கேட்டிருக்கவில்லை.