ரஷ்யாவை வயிற்றில் அடித்த அல்விரா

அல்விரா டீட்ஸுக்கும் நாட்டின் ஜனாதிபதிக்கும் தினமும் காலையில் சண்டை. அவள் உருளைக்கிழங்குத் தோல் சீவ உட்காரும் நேரத்துக்குச் சரியாக, ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் ரேடியோவில் அவர் வந்துவிடுவார். அவர் ஒன்று சொல்வார், அவள் இரண்டு சொல்வாள். அவர் திருப்பிப் பேச வழியில்லாததால் மூன்று வருஷமாக எல்லாச் சண்டையிலும் அவளே ஜெயித்து வந்தாள்.

"எண்ணெய் மிச்சமாக வீட்டுக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கணுமாம்ல? அயோவாக் குளிர்ல பொறந்தவளுக்கு அதைச் சொல்ல ஒரு ஜனாதிபதி வேணுமா? வெண்ணெய் என்ன விலை விக்குதுன்னு தெரியுமாய்யா உனக்கு? பாங்க்காரன் என்ன வட்டி கேக்குறான்னு தெரியுமா? டெஹ்ரான்ல நம்ம தூதரக ஆளுங்களைப் பிடிச்சு வச்சிருக்கான். நீ விளக்கை அணைச்சுட்டு ஜெபம் பண்ணிட்டிருக்கே."

இப்படிச் சீவின கிழங்கில் பாதி தோலோடு போய்விடும்.

வெளியில் இவளைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அம்மாவுக்கு முதுகு முடங்கிப்போய், தம்பிகளுக்கு ஆக்கிப்போட ஆள் இல்லாமல், பத்தாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள் அல்விரா. பிறகு எல்டனைக் கட்டிக்கொண்டு பண்ணைக்கு வந்தாள். லூத்தரன் சபைப் பெண்கள் கூட்டத்துக்கு முப்பது வருஷமாகப் போகிறாள். அங்கே அவள் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு, "இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டுமா?" என்பதுதான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் கழுத்திலிருந்து காதுவரை சிவந்துவிடும். அது அவளுக்கே தெரியும். அதனால்தான் குளிரில்லாத நாளிலும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு போவாள்.

எழுபத்தொன்பது டிசம்பரில், ரஷ்யர்கள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த வாரம், அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. உள்ளூர் ரேடியோவில் காலையில் யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் பேசலாம். கன்றுக்குட்டி விற்பவர்கள் பேசுவார்கள், தொலைந்த நாயைத் தேடுபவர்கள் பேசுவார்கள். எல்டன் தொழுவத்தில் இருந்த நேரம் பார்த்து அல்விரா போனைச் சுற்றினாள்.

பெயர் கேட்டதற்கு, "ஒரு குடும்பப் பொம்பளைன்னு வச்சுக்கோங்க" என்றாள். பிறகு மூச்சு விடாமல் சொன்னாள்: "நம்ம ஜனாதிபதி சிரிச்சுக்கிட்டே இருக்கார். ரஷ்யாக்காரன் அதைப் பார்த்துட்டுத்தான் உள்ள பூந்திருக்கான். சிரிச்சது போதும். அவனை வலிக்கிற இடத்துல அடிக்கணும். வயித்துல அடிக்கணும்!"

போனை வைத்துவிட்டு, மாவு பிசைந்து ஒரு முழு ஆப்பிள் பை சுட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நாட்டுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள் அல்லவா.

அடுத்த வாரமே ஜனாதிபதி டெலிவிஷனில் வந்தார். இனி ரஷ்யாவுக்குத் தானியம் விற்கப் போவதில்லை என்றார்.

எல்டன் நாற்காலியிலிருந்து எழவில்லை. களஞ்சியத்தில் போன அறுவடை மக்காச்சோளம் அத்தனையும் விற்காமல் கிடந்தது. வருமான வரி அடுத்த வருஷக் கணக்கில் போகட்டும் என்று ஜனவரிக்காகக் காத்திருப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். இப்போது வாங்குகிறவன் இல்லை. விலை கிணற்றில் விழுந்த கல்லாய் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்டன் சொன்னான்: "அல்வி, அந்த மனுஷன் யார் பேச்சையும் கேக்க மாட்டேங்கிறான்னு சொல்லிட்டிருந்தியே."

"ஆமா?"

"கேட்டுட்டான்."

ரேடியோவில் வந்தது அவள் குரல் என்பது மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்டன் தினமும் காலையில் கூட்டுறவுத் தானியக் கிடங்குக்குப் போய், நாலைந்து விவசாயிகளோடு காப்பி குடித்துவிட்டு வருவான். அங்கே மறுநாள் அவனுக்கு எழுந்து நின்று வரவேற்பு கொடுத்தார்களாம்.

"வாப்பா எல்டன்! வெள்ளை மாளிகையிலேருந்து ஃபோன் வந்துச்சா? அடுத்தது என்ன செய்யணும்னு உன் பொண்டாட்டியைக் கேக்கணுமாம்."

"அடுத்த தடவை பேசறப்ப பன்னிக்கறி பத்திப் பேச வேணாம்னு சொல்லுப்பா. என்கிட்ட இன்னும் நாப்பது பன்னி இருக்கு."

எல்டன் பதில் பேசுகிற ரகமில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்தான். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியே களஞ்சியத்தையே பார்த்தான்.

இது அல்விராவுக்கு இரட்டை அடி. கலியாணமான நாளிலிருந்து காலைக் காப்பிக்குப் போகாமல் இருந்தவன் இல்லை எல்டன். அங்கே போகாத எல்டன் பாதி எல்டன்தான். போதாக்குறைக்கு, ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால் அவளால் ரேடியோவோடு சண்டை போட முடியவில்லை. ஜனாதிபதி பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிழங்கு சீவினாள். தோல் மெல்லிசாக வந்தது.

அப்போதுதான் பக்கத்துப் பண்ணை லவோன் போன் செய்தாள். குடியரசுக் கட்சியில் இந்த வட்டாரத்துக்கு எல்லாமே லவோன்தான். "திங்கக்கிழமை சாயங்காலம் ஸ்கூல்ல கட்சிக் கூட்டம். ஜனாதிபதி தேர்தலுக்கு யாரை நிறுத்தணும்னு முதல்ல சொல்லப் போறது நம்ம அயோவாதான், நாடே கேக்கப் போவுது. வர்றேல்ல? இஷ்டப்பட்டவங்க எழுந்து ரெண்டு வார்த்தை பேசலாம்டி."

"நான் பேசறேன்" என்றாள் அல்விரா. சொன்னது தான்தானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள்.

ரேடியோவில் சொன்னதை ஊர் நடுவில் நின்று சரி பண்ண வேண்டும். தானியத் தடையைக் கிழித்துத் தோரணம் கட்ட வேண்டும். அதைக் கேட்ட ஆண்கள் மறுநாள் எல்டனிடம், "உன் பொண்டாட்டி நல்லா கேட்டாப்பா" என்று சொல்ல வேண்டும். அவன் காப்பிக்குப் போக வேண்டும். திட்டம் அவ்வளவுதான். பன்றிகளுக்குத் தீனி போடும்போது தினமும் ஒத்திகை பார்த்தாள். அவையும் தலையைத் தூக்காமல் கேட்டன. நல்ல பேச்சு என்றுதான் அவளுக்குப் பட்டது.

திங்கட்கிழமை பார்த்து ஒரு பன்றி குட்டி போடத் தயாராகிவிட்டது. எல்டன் வரவில்லை. அவளே லாரியை ஓட்டிக்கொண்டு போனாள். வெளியே மூக்கு மயிர் உறைகிற குளிர். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்து வெள்ளையாகிவிட்டது. யாரோ கதவருகில் தாளை நீட்டினார்கள். குத்துமதிப்பாகக் கையெழுத்துப் போட்டாள். தரையைப் பார்த்தபடியே மூன்றாம் வகுப்பு அறைக்குப் போய், கடைசி வரிசையில் ஒரு குழந்தை நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தாள். போன தடவை லவோன் கூட்டம் நடத்தியது இதே அறையில்தான். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் பேச்சை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கூட்டம் தொடங்கியது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டபோது முதலில் தெரிந்தது ஃப்ரான்சிஸ் ரூனியின் சிவப்பு மூக்கு. தீவனக் கடை ரூனி, கத்தோலிக்கர், லவோன் கூட்டத்துப் பக்கமே வராதவர். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி. அப்புறம் தபால்காரர். அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார்கள் மொத்தப் பேரும். மேஜையில் இருந்த சாக்லேட் வில்லைகள்கூட லவோன் செய்தவை இல்லை.

இரண்டு கட்சிக்கும் அதே சாயங்காலம் அதே பள்ளிக்கூடத்தில்தான் கூட்டம்; அறையை மாற்றிவிட்டார்கள். இது ஜனநாயகக் கட்சிக் கூட்டம். ஜனாதிபதியின் சொந்தக் கட்சி, அவர் வீடு மாதிரி.

அல்விராவுக்குக் கழுத்து பற்றி எரிந்தது. நாலு பேர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜனாதிபதியையே மறுபடி நிறுத்துவதா, கட்சிக்குள்ளேயே அவரை எதிர்த்து நிற்கும் செனட்டரையா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கொஞ்சம் ஓய்ந்ததும், குனிந்தபடியே நழுவிவிடலாம் என்று அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். குழந்தை நாற்காலி கிறீச்சிட்டது.

"சொல்லுங்க, மிசஸ் டீட்ஸ்" என்றார் ரூனி.

அறை முழுவதும் திரும்பியது.

நான் பேச எழவில்லை, ஓட எழுந்தேன் என்று சொல்வதற்கும் வாய் திறக்கத்தான் வேண்டும். எதற்குத் திறந்தாலும் கஷ்டம் ஒன்றுதான். அவள் நிமிர்ந்து நின்றாள். பன்றிகளிடம் பேசிய பேச்சின் முதல் வரி, 'முதுகெலும்பில்லாத இந்த மனுஷன்' என்று தொடங்கும். ஆனால் ஒருத்தர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டு மனுஷனை எப்படித் திட்டுவது? அவள் வளர்ப்பு அப்படியில்லை.

"ரேடியோல பேசினது நான்தாங்க" என்றாள்.

"தெரியுமே!" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

"நான் தினமும் அவரைத் திட்டறவ. உங்க முன்னாடி மறைக்கக் கூடாது. விலை ஏறினா திட்டுவேன். வட்டி ஏறினா திட்டுவேன். டெஹ்ரானுக்காகத் திட்டுவேன். உறுதியா ஏதாவது செய்யுங்கய்யான்னு திட்டுவேன். செஞ்சார். இப்ப என் வீட்டுச் சோளம் விக்காம கெடக்கு. அதுக்கும் திட்டறேன். எனக்கே வெக்கமாத்தான் இருக்கு."

அவள் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. நான் பத்தாவதுகூட முடிக்கல. ரஷ்யாவை வயித்துல அடின்னு அடுப்பங்கரையில நின்னு சொல்றது என் வேலை. அந்த அடி கடைசியில யார் வயித்துல விழும்னு பாக்கறது அவர் வேலை. ரஷ்யாக்காரனுக்கு அர்ஜென்டினாக்காரன் விப்பான். எங்ககிட்ட வாங்க யாரு இருக்கா? கோவத்துல நான் என்ன சொல்வேனோ அதையே செய்யறதுக்கு ஒரு ஜனாதிபதி எதுக்குங்க? அதுக்கு நானே போதுமே."

உட்கார்ந்தாள். குழந்தை நாற்காலி என்பது ஞாபகமில்லாமல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

முதலில் தபால்காரர் கை தட்டினார். செனட்டர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் தட்டினார்கள். ஜனாதிபதி பக்கத்தில் இருந்த ஒரு வயதான விவசாயியும், தன் களஞ்சியம் ஞாபகம் வந்தவர் போல, முழங்காலில் தட்டிக்கொண்டார். "அல்விரா நின்னா என் ஓட்டு அவளுக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

பிறகு ஆள் எண்ணுவதற்காக, ஜனாதிபதி பக்கத்தவர்கள் ஜன்னலோரமும் செனட்டர் பக்கத்தவர்கள் கதவோரமும் போய் நின்றார்கள். இதுதான் சமயம் என்று அல்விரா கதவை நோக்கி நடந்தாள். ரூனி விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவர், அவளிடம் வந்து நின்றார்.

"மிஸ்டர் ரூனி, எனக்கு அறை மாறிப்போச்சு" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"நெனச்சேன்" என்றார் அவரும் அதே குரலில். "கட்சி மாறிட்டீங்களோன்னு வீட்டுக்காரி சொன்னா. கேட்டா மரியாதையா இருக்காதேன்னு விட்டுட்டோம்."

"மாறலீங்க."

"வருத்தந்தான்." விரலை அவளைத் தாண்டி அடுத்த ஆளிடம் கொண்டுபோனார். "ஒரு வில்லையாவது எடுத்துக்கிட்டுப் போங்க."

சாப்பாட்டுக் கூடத்தில் குடியரசுக் கட்சிக் கூட்டம் முடிந்து, லவோன் காப்பிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எங்கடி போயிட்டே? உனக்காக எவ்வளவு நேரம் பார்த்தோம்! அங்க என்ன கை தட்டல்?" அவள் பார்வை அல்விராவின் கையில் இருந்த வில்லைக்குப் போய், மூன்றாம் வகுப்பு அறைக்குப் போய், திரும்பி வந்தது. "அடிப் பாவி" என்றாள்.

வீட்டுக்குப் போய் எல்டனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு குட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று கிட்டப் போய்ப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

காலையில் அவள் கிழங்கை எடுத்து வைத்தபோது எல்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றான்.

"எங்க கெளம்பிட்டே?"

"காப்பிக்கு."

"கிண்டல் பண்ணுவாங்களே, எல்டன்."

"பண்ணட்டும். ரூனி வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும். கதை என்னோடது." கதவைத் திறந்தவன் திரும்பினான். "ரஷ்யாக்காரனை அடின்னே, நம்ம சோளம் போச்சு. நேத்து போயி ஜனநாயகக் கட்சிக்காரங்களுக்குப் பேசியிருக்கே. நவம்பர் தேர்தல்ல அவங்க கதி என்ன ஆகும்னு எனக்கு இப்பவே தெரியும்."

லாரி சத்தம் சாலையில் மறையும்வரை அல்விரா காத்திருந்தாள். பிறகு எழுந்துபோய் ரேடியோவின் ஒலியைக் கூட்டினாள். ஜனாதிபதி விலைவாசியைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருய்யா, இரு" என்று கத்தியை எடுத்தாள். "முதல்லேருந்து சொல்லு."