ஐம்பத்தெட்டு வேண்டும்

மலேசியாவில் மதிப்பெண் சுருங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு சிறு தேர்வில் இருபதுக்குப் பதினைந்து வாங்கினேன். அறிவிப்புப் பலகையில் என் பெயருக்கு நேரே 7.5 என்று இருந்தது. ஏழரை! வேறு எண்ணே கிடைக்கவில்லையா இவர்களுக்கு என்று எரிச்சல் வந்தது. அந்தத் தேர்வுக்கு மொத்தத்தில் பத்து விழுக்காடுதான் பங்கு, அதனால்தான் பதினைந்து ஏழரையாயிற்று என்பது பிறகுதான் புரிந்தது.

அறந்தாங்கிப் பக்கம் நான் படித்தபோது இப்படிப் பங்கெல்லாம் கிடையாது. பிளஸ் டூ ஆங்கிலத்தைக் காய்ச்சலோடு எழுதினேன். இருநூறுக்கு அறுபத்தாறு வந்தது. எழுபது இருந்தால் தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டு, வருடம் முழுக்க எழுதிய கட்டுரைகள், எதுவும் அந்த நான்கு மதிப்பெண்ணுக்கு உதவவில்லை. அடுத்த தையில் கல்யாணம். ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் முருகேசனோடு கோலா சிலாங்கூர் வந்தேன். பிறகு ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்து, பயிற்சியை முடித்தால் வகுப்பே தருவோம் என்று அவர்கள் சொன்னதால்தான் மறுபடி புத்தகம் தொட்டேன்.

பருவம் முடியும்போது விரிவுரையாளர் ரொஹானி என்னிடம் மலாயில், “கேரி மார்க் புவான், அம்பாட் பூலோ டுவா,” என்றார்.

“கறி?” என்றேன்.

“யா, யா, கேரி!” என்று சிரித்தார்.

மலாய் எண்கள் எனக்குத் தெரியும். பருவ முடிவு விருந்துக்கு நாற்பத்திரண்டு பேருக்குக் கறி சமைக்கச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் என் கணவர், “நாப்பத்திரண்டு பேருக்கா? எத்தன கோழி வேணும்லா?” என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

சுங்கை பெசாரிலிருந்து வந்திருந்த நாத்தனார் செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பொலிடெக்னிக்கில் படித்தவள். “அண்ணி, கறி இல்லலா, கேரி! இதுவரைக்கும் சேத்து வச்ச மார்க்கு. அறுபதுக்கு நாப்பத்திரண்டு. மிச்ச நாப்பது ஃபைனல்ல.”

காகிதத்தை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சிறு தேர்வில் ஏழரை. இருபது விழுக்காட்டு ஒப்படைப்புக் கட்டுரையில் நூற்றுக்கு அறுபது, அது பன்னிரண்டு. முப்பது விழுக்காட்டுக் கற்பித்தல் பயிற்சியில் எழுபத்தைந்து, அது இருபத்திரண்டரை. கூட்டினால் சரியாக நாற்பத்திரண்டு! தேர்ச்சிக்கு ஐம்பது. இன்னும் எட்டுதான் வேண்டும். நாற்பதில் எட்டு என்றால் இறுதித் தேர்வில் நூற்றுக்கு இருபது.

“இருபதா? கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்லா,” என்றார் கணவர்.

ஆனால் பாலர் பள்ளியில் தனியாக வகுப்பெடுக்க ‘பி’ வேண்டும். அதற்கு அறுபத்தைந்து. அதாவது நாற்பதில் இருபத்து மூன்று. நூற்றுக்கு ஐம்பத்தேழரை. ஐம்பத்தெட்டு என்று பெரிதாக எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தேர்வு அறைக்குள் நான் வெறுங்கையோடு போகவில்லை. நாற்பத்திரண்டு எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது.

முடிவு வந்த அன்று செல்விதான் கைப்பேசியைத் திறந்து பார்த்தாள். இறுதித் தேர்வு: ஐம்பத்தேழு.

ஒன்று குறைவு. மனம் தானாகவே பெருக்கியது: இருபத்திரண்டு புள்ளி எட்டு. மொத்தம் அறுபத்து நான்கு புள்ளி எட்டு. அன்று நான்கு, இன்று புள்ளி இரண்டு.

“அண்ணி, கீழ பாருங்க! அறுபத்தஞ்சுனு போட்டிருக்கு, பி! ரவுண்ட் அப் பண்ணிட்டாங்கலா!”

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஓடிவந்தார். விவரம் புரியாமலே என்னைக் கட்டிக்கொண்டார். ஊருக்குப் போன் போட்டேன். “நூத்துக்கு அறுபத்தஞ்சுதானா? இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாமேடி,” என்றாள் அம்மா. விளக்க வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன்.

போன வாரம் முதன்முதலாக வகுப்பில் தனியாக நின்றேன். முன்னால் இருபது குழந்தைகள். “சத்து, டுவா, தீகா,” என்று நான் மலாயில் எண்ண, அவர்களும் உரக்க எண்ணினார்கள். என் கட்டைவிரல் மட்டும், யாருக்கும் தெரியாமல், விரல் கணுக்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டிருந்தது.