வேரில் சேர்ந்த ஈயம்

எங்கள் குளத்தைச் சுத்தம் செய்ய வந்த சேவைச் சங்கத்துக்காரர்களை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை. ஒரே நிறத்தில் பனியன், தலைக்கு ஒரு தொப்பி, ஆளுக்கு இரண்டு உளுந்தவடை. ஆகாயத்தாமரையை அள்ளியது ஜேசிபி. ஆளுக்கொரு செடியைத் தூக்கிப் பிடித்து போட்டோவுக்கு நின்றது இவர்கள். பத்து மணிக்குச் சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். சேவைக்கும் சீசன் உண்டுபோல.

நான் தென்காசியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், தற்காலிக வேலையில். அந்தக் குளத்தங்கரையில் வரிசையாகப் பேட்டரிக் கடைகள். அங்கே கழுவி ஊற்றுகிற ஈயமெல்லாம் குளத்துக்குத்தான் போகும். ஆனாலும் தண்ணீரைச் சோதித்தபோது ஈயம் பெயருக்குத்தான் இருந்தது. உடனே சங்கத் தலைவர் குளம் சுத்தம் என்று மேடையில் முழங்கினார். ஊற்றியதெல்லாம் எங்கே போயிற்று என்று அந்தப் பெரிய மண்டைக்குள் ஒரு கேள்வி எழவில்லை. நான் செடியின் வேரைக் காயவைத்துப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, திருநெல்வேலிக்குச் சோதனைக்கு அனுப்பினேன். தண்ணீரில் காணாத ஈயம் வேரில் குவிந்திருந்தது. இத்தனை வருஷமாக ஊர் அழுக்கைப் பிடித்து வைத்திருந்தது அந்தச் செடிதான்.

முடிவு என் கைக்கு வருவதற்குள், அள்ளிய செடியை எல்லாம் குளத்துக்குக் கீழே கீரை போடுகிறவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இலவச உரமாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் அடுத்தவன் மடியில் விட்டார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாத்தியெல்லாம் மக்கிய செடி கறுப்பாகக் கிடந்தது. தண்டுக்கீரை தளதளவென்று நின்றது.

"இந்தக் கீரைய விக்காதீங்க அண்ணாச்சி. அந்த வேர்ல ஈயம் இருக்கு, கீரையிலயும் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுத்தம்னு மேடையில சொல்லுதாவ. விஷம்னு நீங்க சொல்லுதிய. நான் ஆர நம்ப? எழுதித் தாங்க டீச்சர், இப்பமே புடுங்கிப் போடுதேன்."

நியாயமான பேச்சு. எழுதிக் கொடுக்க எங்கள் முதல்வரிடம் அனுமதி கேட்டேன். அந்தச் சங்கத்தின் செயலாளரே அவர்தான்.

"கீரைய டெஸ்ட் பண்ணியாச்சாம்மா?"

"இல்ல சார். ரெண்டு வாரம் ஆகும்."

"பிறகென்ன அவசரம்? ஒங்க வேலைய நிரந்தரமாக்குற ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. வம்பு எதுக்கு?"

கோழை என்று அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அண்ணாச்சிக்கு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் சந்தையில் அவருடைய கீரை வந்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி ஒற்றைக் கையால் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல இளசா இருக்குக்கா. நீங்க எடுக்கலியா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "எங்க வீட்ல யாரும் கீரை திங்க மாட்டாவ" என்றேன்.

அவள் இரண்டு கட்டு எடுத்தாள். குழந்தை திமிறியதால், பையைக் கொஞ்சம் விரித்துப் பிடிக்கச் சொன்னாள்.

பிடித்தேன்.