நோன்பு மாதத்தில் எனக்கு ஒரு தட்டு

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள்: ரமலான் மதியத்தில், மலேசியாவின் செரண்டாவில், தொழிற்சாலை கேன்டீனில் எனக்குச் சோறு கிடைத்தது. சீனருக்கும் இந்தியருக்கும் மட்டும் பரிமாறிக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தியா போலே மக்கான்" என்றார். இந்தியர் சாப்பிடலாமாம். தமிழனென்றால் இந்து என்று நினைத்துவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளியான என் அட்டையில் எண் மட்டுமே இருக்கும். நசீர் என்ற பெயர் இருக்காது. நான் திருத்தவில்லை. பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்க்கும் உலு யாம் ஊர் மகேஸ்வரி அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். "என்னா தம்பி, இன்னிக்கு எங்காளு ஆயிட்டியா? ஒடம்பு சரியில்லையா லா?" என்றார். "ஆமாக்கா" என்று பொய் சொன்னேன். அப்போது என் இடது கை தானாக எழுந்து தட்டை மறைத்தது. அக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டார். மற்றவர்களுக்கு என்மேல் அக்கறையே இல்லை. பிறகு யாரிடமிருந்து மறைத்தேன்?

கீழக்கரையில் கல்லூரி நாட்களில் நான் பெரிய விவாதக்காரன். சந்தேகத்தோடு வருகிறவனை லேசில் விடமாட்டேன். கடவுளை விட்டவன் பணத்தையோ கூட்டத்தையோ தன்னையோ தொழ ஆரம்பிக்கிறான். அத்தனை எஜமான்களையும் தள்ளிவிட்டு ஒருவனுக்கு மட்டும் தலைகுனிவதுதான் விடுதலை, ஏகத்துவம்தான் இந்தக் காலத்துச் சந்தேகத்துக்குப் பதில் என்பேன். வாப்பா இறந்த வருடம் தங்கை சஃபியா தொழுகையை விட்டாள். "ஒருத்தன்தான், சரி காக்கா. அந்த ஒருத்தன் வாப்பா கேட்ட துஆவக் கேட்டானா?" என்றாள். ஒரு மணி நேரம் விளக்கினேன். "கூட்டத்துல பேசுற மாதிரியே பேசுறீங்க" என்று எழுந்து போய்விட்டாள். அந்தக் கேள்வியோடுதான் நான் விமானம் ஏறினேன்.

இங்கே உம்மா இல்லை, ஜமாஅத் இல்லை, தெரு இல்லை. அவர்களுக்காகப் பிடித்த நோன்பெல்லாம் கழன்றுபோயிற்று. மிச்சம் நிற்க வேண்டியவன் அந்த ஒருவன்தான். நிற்கிறான் என்கிறது என் கை. வெறும் பழக்கம் என்கிறது என் படிப்பு. பெரும்பாலான நாட்களில் படிப்பே ஜெயிக்கிறது. சூரா எனும் சிறு பள்ளிவாசலுக்குத் தொழப் போனால், எப்போது இஸ்லாத்துக்கு வந்தாய் என்று அன்பாகக் கேட்கிறார்கள். பிறவி முஸ்லிம் என்று சொல்ல வாய் வரவில்லை.

நேற்று சஃபியா கேட்டிருந்தாள்: "காக்கா, நோம்பு பிடிக்கிறீங்களா?" இன்னும் பதில் அனுப்பவில்லை. நாளை ஒரு நோன்பு வைத்துப் பார்க்கப்போகிறேன், அறையில் யாருக்கும் சொல்லாமல். மாலையில் அவளைக் கூப்பிட்டு, சாப்பிட்டதையும், அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். செரண்டாவில் பாங்கு சொல்லி முடிந்திருக்கும். கீழக்கரையில் உம்மா இன்னும் ஒன்றரை மணி நேரம் பசியோடிருப்பாள். அந்த இடைவெளிக்குள் பேசிவிட வேண்டும்.